எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டியைக் குறை சொன்னால்… (வாகன மின்சாரம்: கேள்வி–பதில்)

கேள்வி: எங்கள் காருக்கு ஏழு வயது. மழை பெய்த மறுநாள் காலையில் எடுத்தால், கொஞ்ச தூரம் போனதும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுகிறது, ஸ்டியரிங் கனத்துப்போகிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடும். வெயில் ஏறிவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "யு 0121 வருகிறது, ஏ.பி.எஸ். பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மழை பெய்த மறுநாள் வருகிறது, காய்ந்ததும் போய்விடுகிறது. ஈரம் எங்கே போய் உட்காருகிறதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

யு 0121 என்ற எண்ணை நிறையப் பேர் தவறாகப் படிக்கிறார்கள். ஏ.பி.எஸ்., ஸ்டியரிங், இன்ஜின் என்று காரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கணினி உண்டு, அதைத்தான் பெட்டி என்கிறோம். யு என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் பெட்டிகளுக்கு இடையே நடக்கும் பேச்சைப் பற்றியவை. 0121-க்குப் பொருள், "ஏ.பி.எஸ். பெட்டி பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்பது. இதை எழுதிவைத்தது ஏ.பி.எஸ். பெட்டி இல்லை, மீட்டர் போர்டோ ஸ்டியரிங் பெட்டியோ இன்ஜின் பெட்டியோ எழுதியது. சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை ஏ.பி.எஸ். பெட்டிதான் அளந்து நொடிக்குப் பல தடவை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தகவலை வைத்துத்தான் உங்கள் கார் முள்ளை நகர்த்துகிறது, எந்த வேகத்துக்கு எவ்வளவு உதவி தரலாம் என்று ஸ்டியரிங்கும் முடிவு செய்கிறது. அந்தக் குரல் நின்றதும் முள் விழுந்தது, ஸ்டியரிங் கனத்தது, விளக்குகள் எரிந்தன. மூன்று பழுது இல்லை இது, ஒரே பழுது.

அந்தக் குரல் ஏன் நின்றது என்பதை மட்டும் ஸ்கேனர் சொல்லாது. பெட்டி செத்திருக்கலாம். பெட்டிக்குக் கரண்ட் வராமல் இருக்கலாம். எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) விட்டிருக்கலாம். பேசும் கம்பி அறுந்திருக்கலாம். நான்குக்கும் ஒரே எண்தான் வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினொரு வருடத்துக்கு முன்பு இதே 0121-ஓடு ஒரு கார் என்னிடம் வந்தது. ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பெட்டியை மாற்றினேன், அதை அந்தக் காருக்கு ஏற்பக் கோடிங் செய்தேன், பிரேக் லைனில் காற்றெடுத்தேன், வண்டி நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் மழை பெய்தது. அதே விளக்குகளோடு திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எர்த் பின்னில் (பின் என்பது கனெக்டருக்குள் இருக்கும் உலோக முள்) பச்சைக் களிம்பு. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் நீர்வழியில் இலைச் சருகு அடைத்து, தண்ணீர் ஹார்னஸ் (கம்பிக் கட்டு) மேலேயே வடிந்து நேராக அந்தக் கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது. புதுப் பெட்டி போட்டதும் வண்டி சரியானதற்குக் காரணம் புதுப் பெட்டி இல்லை. கனெக்டரைக் கழற்றி மாட்டியபோது பின்கள் உரசிக் களிம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்தக் குடும்பத்துக்குத் தேவையில்லாத செலவை வைத்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல். இந்தப் பகுதியில் எழுதச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் காட்டுங்கள். முதலில், காரில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து, எந்தப் பெட்டி யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் ஏ.பி.எஸ்.ஸை மட்டும் குறை சொல்கிறார்கள் என்றால் பொது லைன் (எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து பேசும் கம்பி) நன்றாக இருக்கிறது, ஏ.பி.எஸ்.ஸுக்குப் போகும் கிளையிலும் அந்தப் பெட்டியிலும் மட்டும் தேடினால் போதும். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் குறை சொன்னால் பொது லைனிலேயே கோளாறு.

அடுத்தது கரண்டும் எர்த்தும். இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். களிம்பேறிய கம்பியில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. பெட்டி வேலை செய்யத் தொடங்கி உண்மையான கரண்ட் இழுக்கும்போதுதான் அந்த இழை தாங்காமல் போகும். அதனால் ஏ.பி.எஸ். கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் பெரிய கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 55 வாட் பல்பு ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்த இரண்டு கம்பிகளும் நல்லவை. மங்கினால் பழுது கையில் கிடைத்துவிட்டது. பல்பு எரியும்போதே மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை எர்த் பின்னில் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பல்பைக் கரண்ட் பின்னிலும் எர்த் பின்னிலும் மட்டும்தான் வைக்க வேண்டும். பேசும் கம்பிகளில் வைத்தால் உள்ளே இருக்கும் சில்லு போய்விடும்.

இதெல்லாம் பார்த்து, கரண்டு, எர்த், பேசும் கம்பி மூன்றும் பெட்டியின் வாசல் வரை ஒழுங்காக வந்து நிற்கிறது, பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் அப்போது மாற்றுங்கள். பெட்டிக்குள் ஈயப் பற்று விட்டுப்போவதும் உண்டுதான்.

அதுவரை மெதுவாக ஓட்டுங்கள். ஏ.பி.எஸ். இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

கேள்வி: ஐயா, நான் ஒரு வருடமாக வேலை பழகுகிறேன். ஓ.பி.டி. சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே 60 ஓம் வந்தால் கேன் லைன் சரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு காரில் 60 ஓம் சரியாக வருகிறது. ஆனாலும் நான்கு பெட்டிகள் ஸ்கேனரில் வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தம்பி, நீ அளந்தது சரி. அந்த 60 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் உனக்கு யாரும் சொல்லவில்லை.

கேன் லைன் என்பது பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும், ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு கம்பி. ஒன்று ஹை, மற்றது லோ. பாஷ் நிறுவனம் 1986-ல் இதை வெளியிட்டது, 1993-ல் ஐ.எஸ்.ஓ. 11898 என்று சர்வதேசத் தரமாயிற்று. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். ஓடிவரும் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பாமல் இருக்க அது வேண்டும். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. அதைத்தான் நீ பார்த்தாய். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அளந்தாய் என்று நம்புகிறேன். கரண்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் வருவது வெறும் எண்.

120 வந்தால் ஒரு ரெசிஸ்டர் கணக்கில் இல்லை: லைன் நடுவில் அறுந்திருக்கும், அல்லது ரெசிஸ்டர் இருக்கும் பெட்டி கழன்றிருக்கும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் மூன்றாவது 120 ஒன்று எப்படியோ உள்ளே வந்திருக்கிறது. பொருந்தாத பெட்டியை மாட்டியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

60 வந்தும் பழுது இருக்கக்கூடிய இடங்கள் உண்டு. பொது லைனிலிருந்து ஒரு பெட்டிக்குப் பிரியும் கிளை அறுந்தால் 60 மாறவே மாறாது. இரண்டு ரெசிஸ்டரும் பொது லைனில் இருக்கின்றன, கிளையில் இல்லை. ஹை கம்பி தோல் உரிந்து பாடியைத் தொட்டாலும், ஹைக்கும் லோவுக்கும் இடையே நீ அளப்பது 60-தான். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் பாடிக்கும் இடையே தனியாக அளக்க வேண்டும். புதிய கார்களில் இன்னொன்று: ஓ.பி.டி. சாக்கெட்டுக்குப் பின்னால் கேட்வே என்று ஒரு பெட்டி காவல் நிற்கும். சாக்கெட்டில் நீ அளப்பது கேட்வேக்கும் சாக்கெட்டுக்கும் இடையே உள்ள துண்டை மட்டும். அதற்கு அந்தப் பக்கம் நாலு லைன் இருந்தாலும் உனக்குத் தெரியாது. உன் காரில் நான்கு பெட்டிகள் சேர்ந்து காணவில்லை என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வலுவாக இருக்கிறது. ஒயரிங் படத்தை எடுத்து அந்த நான்கும் ஒரே லைனில் இருக்கின்றனவா என்று பார். இருந்தால், அந்த லைனில் ஏதாவது ஒரு பெட்டியின் கனெக்டரிலேயே போய் அள.

ஓம் முடிந்ததும் வோல்ட். பேட்டரியை மாட்டி, இக்னிஷன் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை நல்ல எர்த்தில் வை. யாரும் பேசாதபோது இரண்டு கம்பியும் 2.5 வோல்ட்டில் நிற்கும். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். சாதாரண கார் லைனில் நொடிக்கு 5 லட்சம் பிட் ஓடுவதால் மீட்டரால் துரத்த முடியாது, சராசரியைத்தான் காட்டும். ஹையில் 2.6, 2.7 என்றும் லோவில் 2.3, 2.4 என்றும் காட்டினால் லைன் உயிரோடு பேசுகிறது. இரண்டையும் கூட்டினால் 5-க்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டும் அசையாமல் 2.5 என்றால் கம்பி நன்றாக இருந்தும் யாரும் பேசவில்லை. இரண்டும் தரையோடு கிடந்தால் எங்கோ பாடியைத் தொடுகிறது. ஏறிப்போய் பேட்டரி வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் நின்றால் ஏதோ கரண்ட் கம்பியோடு சேர்ந்திருக்கிறது.

அப்படி லைனே படுத்திருந்தால், மீட்டரைக் கண்முன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் கழற்று. எதைக் கழற்றியதும் வோல்ட் எழுந்து நிற்கிறதோ அந்தப் பெட்டியிலோ அதன் கிளையிலோதான் பழுது. கழற்ற எளிதானதிலிருந்து தொடங்கு. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, அலாரம் இவற்றையெல்லாம் முதலில் கழற்று. கேன் கம்பியைச் சீவி அதில் இன்னொரு கம்பியைச் சுற்றி டேப் ஒட்டிய வேலையை நான் பார்த்த அளவுக்கு நீயும் பார்ப்பாய்.

ஏர்பேக் பெட்டியை மட்டும் இப்படிக் கரண்டோடு கழற்றாதே. பேட்டரியைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து பிறகு கை வை. ஏர்பேக்குக்குப் போகும் கம்பியில் ஒருபோதும் ஓம் அளக்காதே. மீட்டரிலிருந்து வரும் சின்னக் கரண்டைக்கூட அதற்குள் விடக்கூடாது.

இன்னொரு பழக்கம். மீட்டர் முனையைக் கனெக்டரின் முன்பக்கத் துளைக்குள் திணிக்காதே. உள்ளே இருக்கும் பெண் பின் விரிந்துவிடும்; இல்லாத பழுதை நீயே உண்டாக்கி, அதை மூன்று நாள் தேடுவாய். மெல்லிய ஊசியைக் கம்பி நுழையும் பின்பக்கமாக விடு. கம்பியின் தோலைக் குத்தி அளப்பதும் வேண்டாம். அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த வருடம் ஈரம் போகும்.

முடிந்தால் இரண்டு சேனல் உள்ள ஆசிலோஸ்கோப் (சிக்னலின் உருவத்தைத் திரையில் காட்டும் கருவி) ஒன்றில் பழகு. ஹையும் லோவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக ஏறி இறங்க வேண்டும். அந்த நல்ல உருவம் உன் கண்ணில் பதிந்துவிட்டால் கெட்டது தானாகத் தெரியும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும். பெட்டி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் என்பதால் இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கி வைத்திருப்பது அதற்காகத்தான். முதன்முதலாக ஸ்கோப்பில் இதைப் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கேள்வி: எந்த ஸ்கேனரை மாட்டினாலும் "வாகனத்தோடு இணைய முடியவில்லை" என்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது.

பதில்: வண்டி ஓடுகிறது என்றால் பெட்டிகள் தமக்குள் பேசுகின்றன. சாக்கெட்டைப் பாருங்கள். 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். 4-ஆம், 5-ஆம் பின்கள் எர்த். ஸ்கேனரில் விளக்கே எரியாவிட்டால் பெரும்பாலும் 16-க்கு வரும் ஃபியூஸ் போயிருக்கும். பல கார்களில் அந்த ஃபியூஸ் சார்ஜர் சாக்கெட்டுக்கும் பொது, அங்கே எதையோ செருகியதில் எரிந்திருக்கும். விளக்கு எரிந்தும் இணையவில்லை என்றால் 6, 14 பின்கள் உள்ளே தள்ளிப்போயிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: சாக்கெட்டில் ஒரு டிராக்கர் கருவி மாட்டியதிலிருந்து, இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை. எடுக்கும்போது மீட்டரில் என்னென்னவோ விளக்குகள் எரிகின்றன. கார் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பூட்டிவிட்டுப் போனதும் கொஞ்ச நேரத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கிவிட வேண்டும். எல்லாம் தூங்கிய பிறகு ஒரு கார் இழுக்கும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அந்தக் கருவி அடிக்கடி லைனில் கேள்வி கேட்டால் அவற்றுக்குத் தூக்கமே வராது, பேட்டரி இறங்கும். இறங்கிய பேட்டரியில் செல்ஃப் அடித்தால் வோல்ட்டேஜ் சரிந்து பெட்டிகள் நடுவிலேயே அணைந்து எழும். அணைந்ததைக் காணவில்லை என்று மற்றவை எழுதிவைக்கும். அந்த யு எண்களைப் பழுது என்று நம்பி எதையும் கழற்ற வேண்டாம். கருவியை எடுத்துவிட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, எண்களை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். திரும்பி வரும் எண் எதுவோ அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டிரைவர் கதவிலிருந்து அழுத்தினால் பின் கண்ணாடி இறங்கவில்லை. பின் கதவில் உள்ள சுவிட்சை அழுத்தினால் இறங்குகிறது. இதுவும் கேன் பழுதா?

பதில்: மோட்டார் நல்லது என்று அந்தக் கதவின் சுவிட்சே சொல்லிவிட்டது. பல கார்களில் கதவுகளுக்கு இடையே ஓடுவது லின் என்ற ஒற்றைக் கம்பி லைன். நொடிக்கு 20 ஆயிரம் பிட்டுக்கு மேல் போகாது, கண்ணாடிக்கு அது போதும். இதற்கு 60 ஓம் கணக்கு கிடையாது. பேசாதபோது பேட்டரி வோல்ட்டேஜில் நிற்கும், பேசும்போது மீட்டரில் கீழே இறங்கி ஆடும். கதவுக்கும் தூணுக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாயைத் தள்ளி உள்ளே பாருங்கள். ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்த கம்பி அங்கேதான் அறும், தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்திருக்கும். லேசாக இழுத்தால் ரப்பர்போல் நீளும்.

கேள்வி: எலி கடித்ததில் முறுக்கிய கம்பி இரண்டும் ஒரே இடத்தில் தோல் உரிந்திருக்கின்றன. டேப் சுற்றிவிட்டேன். இரண்டு மாதமாக எந்த விளக்கும் எரியவில்லை. இது போதுமா?

பதில்: போதாது. உரிந்த இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. டேப்பின் பசை சூட்டில் இளகி நகர்ந்ததும் ஒன்றையொன்று தொடும். தொட்ட நொடியில் அந்த லைனில் உள்ள எல்லாப் பெட்டியும் ஊமையாகிவிடும், அது நெடுஞ்சாலையாகவும் இருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். ஹையின் இணைப்பும் லோவின் இணைப்பும் பக்கத்தில் பக்கத்தில் வராமல், ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே தள்ளி வையுங்கள். அதே கனமுள்ள கம்பித் துண்டைச் சேர்த்து, நல்ல க்ரிம்ப் (நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு) போட்டு, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயை மாட்டிச் சூடு காட்டுங்கள். பிறகு பழைய நெருக்கத்திலேயே முறுக்குங்கள். முறுக்கில்லாமல் 5 சென்டிமீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை. இரண்டையும் ஒரே நீளத்தில் வையுங்கள். அந்த ஹார்னஸில் மஞ்சள் உறைக் கம்பியும் கடிபட்டிருந்தால் அது ஏர்பேக் கம்பியாக இருக்கும். அதை நீங்கள் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

முடித்ததும் பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே ஓம் அளந்து, 60 வருகிறதா என்று பாருங்கள். ஹார்னஸை அங்கங்கே அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். எண் ஆடினால் இன்னொரு கடி எங்கோ இருக்கிறது.